பனிமலையில் ஆயர் பணி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

புலவர் பெருமக்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய மேடை இது. யாமோ பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதைத் துறையில் பார்சல் அலுவலக எழுத்தராய்க் காலங் கழிப்பவர். செயலாளர் அவர்கள் எம்மைப் பேச அழைத்தபோது, குறளையோ கம்பனையோ பற்றிப் பேசச் சொல்வாரோ என்று உள்ளபடியே அஞ்சினோம். அவரோ, “உமக்குத் தெரிந்தது எதுவாயினும் பேசும்” என்றார். எமக்குத் தெரிந்தது ஒன்றே. அஃது ஒரு சோடிக் கம்பளிக் காலுறையிலிருந்து தொடங்குகிறது.

நான்காண்டுகளுக்கு முன் எம் அன்னையார் தென்காசிப் பக்கத்துச் சிற்றூரை விட்டு, இவ்வம்பாலா நகருக்கு எம்மோடு வாழ வந்தார். வந்த ஆண்டே நோயிற் கிடந்தார். தமிழன்றி வேறொரு மொழியும் அறியாதவர். யாம் இரவு முறைப் பணியில் இருந்தோம், பகலில் உறங்கினோம். எம் மனைவியார் ஒருவரே அவரைப் பேணினார். அப்போது எம் குடியிருப்பின் அடுத்த வீட்டில் வாழ்ந்த ஓர் அம்மையார், நாடோறும் மாலையில் வந்து அன்னையாரின் கட்டிலருகே அமர்வார். அவ்வம்மையார் இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கினர், புத்த சமயத்தவர், தமிழ் அறியார். அமர்ந்தவாறே கம்பளி நூலை ஊசியாற் பின்னிக்கொண்டிருப்பார்.

அவ்வாறு வந்து வந்து மூன்று தமிழ்த் தொடர்களைக் கற்றுக்கொண்டார். “சாப்பிட்டீங்களா” என்பது ஒன்று. “வலிக்குதா” என்பது மற்றொன்று. அன்னையார் இருட்டில் கண்விழித்து, “யாரு அங்க?” என்று வினவும்போதெல்லாம், எம் மனைவியார், “நான் இருக்கேன் அத்தை” என்பார். அதனைக் கேட்டுக் கேட்டு, “நான் இருக்கேன்” என்பதையும் அவ்வம்மையார் கற்றுக்கொண்டார். அன்னையார் கண்மூடிய நாளில் அவர் கால்களில் இருந்தவை அவ்வம்மையார் பின்னிய காலுறைகளே.

அன்பர்களே! அவர் எம் மொழியில் மூன்று தொடர்களை மூன்று திங்களிற் கற்றார். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளாய் அக்குடியிருப்பில் வாழ்ந்த யாம், அவர் மொழியில் ஒரு சொல்லையும் கற்றிருக்கவில்லை. அவர் மொழியின் பெயரைக்கூட அறிந்திலோம். இது எம் நெஞ்சை நெடுநாள் உறுத்தியது.

பின்னொரு நாள் நன்றி கூறச் சென்றோம். “இத்தகைய பின்னல் வேலையை எங்குக் கற்றீர்கள்?” என வினவினோம். “எம் தாயிடம் கற்றேன், எம் தாய் அவர் தாயிடம் கற்றார், எங்கள் கேலாங்கில் முதன்முதல் கற்பித்தவர் பாதிரியார் வீட்டு மேம் சாகிபா” என்றார். பாதிரியார் எவர், அம்மேம் சாகிபா எவர் என்று தேடப் புகுந்தோம். நூலகங்களிற் படித்தோம். விடுப்பெடுத்துக் கேலாங்கிற்கும் ஒருமுறை சென்றுவந்தோம். அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

லாஹூல் என்பது பீர்பஞ்சால் மலைத்தொடருக்கு அப்பால், சந்திரா, பாகா என்னும் ஈராறுகள் பாயும் நிலம். அதன் தலைமை ஊராகிய கேலாங், பாகா ஆற்றின் கரைமேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் உள்ளது. அங்குச் செல்ல 13,000 அடிக்கு மேற்பட்ட ரோதாங் கணவாயைக் கடத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையிற் பனி மூடினால், வைகாசி வரையில் வழி அடைபடும். 2020-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3-ஆம் நாள், 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பெற்ற பின்னரே அத்துயர் நீங்கிற்று. யாம் சென்றது அச்சுரங்கத்தின் வழியே. ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கடந்த தொலைவை, சில நிமிடங்களிற் கடந்துவிட்டோம்.

இத்தகைய இடத்திற்கு 1856-ஆம் ஆண்டில் இரண்டு செருமானியர் குடிவந்தனர். ஒருவர் வில்ஹெல்ம் ஹெய்டே. மற்றவர் எட்வர்ட் பாகெல். மொராவியச் சபை என்னும் கிறித்தவச் சபையினர். அச்சபை மிகச் சிறியது. செருமனியின் சாக்சனி நாட்டில் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரை நடுவாகக் கொண்டது. பிறர் செல்லத் தயங்கும் இடங்களுக்கே செல்வது அதன் இயல்பு. 1732 முதல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளிடையேயும், கிரீன்லாந்தின் பனிவெளியிலும் அச்சபையார் பணியாற்றி வந்தனர்.

நம் தமிழகத்திற்கும் அவர்கள் புதியவர் அல்லர். 1760-ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடிக்கு வந்து ஒரு தோட்டத்தை வாங்கிக் குடியேறினர். அங்கிருந்து நிக்கோபார்த் தீவுகளுக்குச் சென்றோர் பலர் காய்ச்சலுக்கு இரையாகவே, 1787-ல் அத்தீவுப் பணியைக் கைவிட்டனர். தரங்கம்பாடிக் குடியிருப்பும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுற்றது. வங்கக் கடலோரத்தில் ஒருமுறை தோற்ற சபையே, அரை நூற்றாண்டு கழிந்து இமயத்தின் மடியில் மறுமுறை முயன்றது.

ஹெய்டேயும் பாகெலும் லாஹூலுக்கென்று புறப்பட்டவர் அல்லர். அவர்கள் நாடியது மங்கோலிய நாடு. உருசிய அரசு வழி விடாமையால், 1853-ல் இந்தியா வழியாகப் புறப்பட்டனர். திபெத்தின் எல்லையும் அடைபட்டிருந்தது. காஷ்மீர அரசின் கீழிருந்த லடாக்கில் தங்கவும் இசைவு கிட்டவில்லை. எனவே ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டிருந்த லாஹூலில் தங்கினர். திபெத்திலிருந்தும் லடாக்கிலிருந்தும் வரும் வணிகர் அவ்வழியே செல்வர் அன்றோ? கதவு திறக்கும்வரை வாயிலிற் காத்திருப்போம் என்பது அவர்கள் எண்ணம். நம்மில் எத்துணைப் பேர் இவ்வடபுலத்திற்கு, “இரண்டாண்டில் மாற்றல் கிடைத்துவிடும்” என்றெண்ணி வந்து, இருபதாண்டுகளாய் இருக்கின்றோம்! அவர்கள் நிலையும் அத்தகையதே. ஹெய்டே கேலாங்கில் இருந்த காலம் 42 ஆண்டுகள்.

1857-ல் யெஷ்கே என்னும் மொழியறிஞர் அவர்களோடு சேர்ந்தார். ஆயர் என்பவர் முதலில் செய்ய வேண்டுவது யாது? உரையாற்றுதல் அன்று, செவி சாய்த்தல் என்பதை அவர் உணர்ந்திருந்தார். லடாக்கின் ஸ்டோக் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் வீட்டிற் சில திங்கள் தங்கி, அம்மக்கள் பேச்சைக் கற்றார். திபெத்திய மொழியில், நம் தமிழைப் போன்றே, ஏட்டு வழக்கு ஒன்று. பேச்சு வழக்கு மற்றொன்று. பேச்சு வழக்கில் எழுதினால் அடுத்த பள்ளத்தாக்கில் விளங்காது. ஏட்டு வழக்கில் எழுதினால் மடத்துத் துறவியர்க்கே விளங்கும். எதனைக் கொள்வது? திபெத்து முழுவதும் கற்றோர்க்கு விளங்கும் ஏட்டு வழக்கை அடிப்படையாகக் கொண்டு, இயன்றவரை எளிமையாக எழுதுவது என்று யெஷ்கே துணிந்தார். கேலாங்கிலேயே கல்லச்சு ஒன்றை நிறுவி நூல்களை வெளியிட்டனர். அவர் தொகுத்த திபெத்திய ஆங்கில அகராதி 1881-ல் வெளிவந்தது. இன்றும் அறிஞர் கையாளும் நூல் அஃது. 1883-ல் அவர் மறைந்தார். அவர் மொழிபெயர்ப்பை அடியொற்றிய புதிய ஏற்பாடு 1885-ல் நிறைவாக வெளிவந்தது.

இனிக் காலுறைக்கு வருவோம். 1859-ல் ஹெய்டேயை மணக்க மரியா என்னும் நங்கை கேலாங்கிற்கு வந்தார். தென்னமெரிக்காவின் சூரினாமிற் பிறந்தவர். அவர் பெற்றோரும் மொராவிய ஊழியரே. அச்சபையின் அந்நாளைய வழக்கப்படி ஊழியரின் பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து ஐரோப்பாவிற்குக் கல்விக்காக அனுப்பப்படுவர். மரியா அவ்வாறு அனுப்பப்பட்டவர். பின்னர்த் தாமும் தம் பிள்ளைகளை அனுப்பியவர். சில குழந்தைகளைக் கேலாங் மண்ணிலேயே அடக்கம் செய்தவர். அவ்வம்மையார் லாஹூல் பெண்டிரைக் கூட்டி, கம்பளி நூற்காலுறை பின்னக் கற்பித்தார். பனிக்காலத்தில் உழவில்லை, வெளிச்செலவில்லை, அடுப்பைச் சூழ்ந்து அமர்வதே தொழில். அக்காலத்தைப் பயனுள்ளதாக்கியது அப்பின்னல். உருளைக்கிழங்குப் பயிரை அப்பள்ளத்தாக்கிற்குக் கொணர்ந்தவரும் இம்மிஷனைச் சேர்ந்தவரே என்பர். பிற்காலத்தில் லாஹூலின் விதைக் கிழங்கு நாட்டின் பல மாநிலங்களுக்கும் சென்றது. லாஹூலின் காலுறையும் கையுறையும் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றன. எம் அன்னையாரின் கால்களைக் காத்தது மரியா அம்மையாரிடமிருந்து கைமாறி வந்த பின்னலே.

எம் தொழில் எண்ணுந் தொழில். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை சென்றது, எடை யாது, கட்டணம் யாது என்று நாளெல்லாம் பேரேட்டிற் பதிவது. அக்கண் கொண்டு இப்பணியைக் கணக்கிடுவோம். 1856-ல் வந்தனர். முதல் திருமுழுக்கு 1865-ல் நடைபெற்றது, ஒன்பது ஆண்டுகள். அதன் பின்னரும் சேர்ந்தோர் மிகச் சிலரே. அவருள்ளும் பலர் லடாக்கிலிருந்து வந்தோர். லாஹூல் மக்கள் பாதிரிமாரை மதித்தனர், மருந்து வாங்கினர், பின்னல் கற்றனர், தம் சமயத்தை மட்டும் விட்டிலர். 1924-ல் கின்னௌரின் பூ என்னும் ஊரில் இருந்த நிலையமும், 1940-ல் கேலாங் நிலையமும் மூடப்பட்டன. எம் பேரேட்டு முறையில் இஃது இழப்புக் கணக்கே. செலவு மிகுதி, வரவு சொற்பம்.

உண்மையை ஒளித்தல் கூடாது. அவர்கள் மக்களைத் தம் சமயத்திற் சேர்க்கவே வந்தனர். சேர்ந்தவரோ தம் சுற்றத்தாரிடையே தனிப்பட்டு நின்றனர். அவர்களுக்குத் தொழிலும் மனையும் மிஷனே தர வேண்டிய நிலை ஏற்பட்டது. உள்ளூர் மக்களையே ஆயராக்கவும் நெடுங்காலம் தயங்கினர். லடாக்கியர் இருவர் முதன்முதல் குருப்பட்டம் பெற்றது 1920-ல். அஃதாவது 64 ஆண்டுகள் கழிந்து! முதல் உலகப் போரில், செருமானியர் என்னும் காரணத்தால் ஊழியர் பலர் அகற்றப்பட்டபோதே, மந்தையைக் காக்க உள்ளூரார் வேண்டும் என்பது அவர்களுக்கு நன்கு விளங்கியது போலும்.

ஆயினும் பேரேட்டில் ஏறாத வரவுகள் உள. காஷ்மீர அரசு இசைவளித்தபின் 1885-ல் லே நகரில் நிலையம் அமைத்தனர். ரெட்ஸ்லோப் என்பார் அதன் தலைவர். அடுத்த ஆண்டு ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் கார்ல் மார்க்ஸ். தொழிற்சங்கத் தோழர்கள் நிமிர்ந்து அமர்கின்றீர்கள், பொறுத்தருள்க! மூலதனம் எழுதிய பெரியார் வேறு, இவர் வேறு. இந்த மார்க்ஸ் லே நகர மக்களுக்கு மருத்துவம் செய்தார். 1891-ல் கொடிய விடக்காய்ச்சல் பரவியது. நோயாளரை விட்டு நீங்காத மருத்துவரும், ரெட்ஸ்லோப்பும் அக்காய்ச்சலுக்கே இரையாயினர். ஓடியிருக்கலாம், ஓடவில்லை.

1889-ல் லே நகரில் அவர்கள் நிறுவிய பள்ளி இடையில் நின்று, 1980-ல் மீண்டும் திறக்கப்பட்டு, இன்றும் நடைபெறுகின்றது. அங்குப் பயில்வோருட் பெரும்பாலார் புத்தரும் முகம்மதியரும் ஆவர். 1896-ல் வந்த பிராங்கே என்னும் ஊழியர், லடாக்கின் கல்வெட்டுகளையும் நாட்டுப் பாடல்களையும் தேடித் தொகுத்தார்; 1904-ல் திபெத்திய எழுத்தில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். லாஹூலின் சிறு மொழிகளாகிய பூனன், மஞ்சத், தினன் ஆகியவற்றிலும் மாற்கு நற்செய்தியை ஆக்கினார். எம் அண்டை வீட்டு அம்மையாரின் தாய்மொழி பூனன்! அதன் பெயரை யாம் அறிந்தது அப்போதுதான்.

முடிவாக யோசேப் கெர்கன் என்பாரைக் கூறாமல் விடல் முறையன்று. 1920-ல் குருப்பட்டம் பெற்ற இருவருள் இவர் ஒருவர். திபெத்தியப் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைப் பல்லாண்டு உழைத்து நிறைவாக்கினார். 1946-ல் மறைந்தார். முழு நூலும் 1948-ல் லாகூரில் அச்சேறியது. அச்சான நூலை அவர் கண்டிலர். யெஷ்கே வந்த 1857 முதற் கணக்கிட்டால் 91 ஆண்டுகள்! நம் தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு, ஒன்பதே ஆண்டுகளில், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். தமிழகத்தில் எழுத்தறிந்தோர் பலர், கற்பிக்கப் புலவர் இருந்தனர், துறைமுகம் இருந்தது. பனிமலையிலோ ஒரு தாள் வேண்டின், கழுதை முதுகில் கணவாய் கடந்து வரல் வேண்டும். அதனால்தான் போலும், அவர்கள் பணியில் விரைவைக் காண்கின்றிலோம், பொறையையே காண்கின்றோம்.

1950-களின் நடுவில் ஐரோப்பிய ஊழியர் லடாக்கை விட்டு அகன்றனர். சபை அகலவில்லை. சில நூறு பேரே கொண்ட அச்சிறு சபையை இன்று நடத்துவோர் அம்மண்ணின் மைந்தரே. தம் மொழியிலேயே பாடுகின்றனர். தம் மொழியிலேயே பிணியாளரின் அருகமர்ந்து பேசுகின்றனர்.

அன்பர்களே! யாம் கிறித்தவர் அல்லோம். முருகனை வழிபடும் குடியிற் பிறந்தோம். சமயம் மாறுமாறு எவர்க்கும் கூற வந்திலோம். ஆயினும் ஆயர் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். ஆயர் எனின் இடையர், மந்தையோடு இருப்பவர். மழையிலும் பனியிலும் உடனிருத்தலே அவர் தொழில். கேலாங்கில் மரியா அம்மையார் செய்ததும் அதுவே. காய்ச்சற் காலத்தில் லே நகர மருத்துவர் செய்ததும் அதுவே. எம் அன்னையாரின் கட்டிலருகே அப்புத்த அம்மையார் செய்ததும் அதுவே. சமயம் வேறு, தொழில் ஒன்று.

யாம் கேலாங்கிற்குச் சென்றபோது, அவ்வம்மையாரின் முதிய தாயாரைக் கண்டு வணங்கினோம். எதிர்க்கரை மலைச்சரிவில் கார்தாங் மடாலயம் தெரியும் ஒரு வீடு. வீட்டின் நடுவே இரும்பு அடுப்பு. அதனருகே அம்மூதாட்டியார், கையில் ஊசியும் நூலும். பயணத்திற்கு முன் எம் அண்டை அம்மையாரிடம் பயின்று சென்ற பூனன் மொழித் தொடர்கள் மூன்று. நாக்கு இடறியது, இரண்டு மறந்துபோயின. மூன்றாவதை எவ்வாறோ கூறினோம். மூதாட்டியார் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, எம் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசினார். ஒரு சொல்லும் எமக்கு விளங்கவில்லை. எழுந்து வர மனமில்லாமல் அமர்ந்திருந்தோம். எம் அன்னையாரின் அருகில் அமராத நேரமெல்லாம் அப்போது நினைவிற்கு வந்தது. அதனைத் திருப்பிச் செலுத்த இனி வழியில்லை. பிறர்க்குச் செலுத்தவே வழியுண்டு.

ஆகவே இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். நாம் பொங்கல் கொண்டாடுகின்றோம்; பட்டிமன்றம் நடத்துகின்றோம்; பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகின்றோம். இவையாவும் நன்று. ஆனால் நம்மூர் இருப்புப்பாதை மருத்துவமனையில், ஊரும் உறவும் மொழியும் தொலைவிலிருக்க, தனியே படுத்திருப்போர் எப்போதும் சிலர் உளர். ஒடிசாவிலிருந்து வந்த தண்டவாளப் பணியாளர் இருப்பார், அசாமியர் இருப்பார், நம் தமிழரும் இருப்பார். ஞாயிறுதோறும் நம்முள் இருவர் முறைவைத்துச் சென்று, அவர்களருகே ஒரு நாழிகை அமர்ந்து வருவோம். பழம் கொண்டு செல்லினும் நன்று, இல்லையெனினும் குறையில்லை. அவர் மொழியில் மூன்று தொடர்கள் போதும். உண்டீர்களா என்பது ஒன்று. வலிக்கிறதா என்பது ஒன்று. யாம் இருக்கின்றோம் என்பது ஒன்று.

முதல் ஞாயிற்றுக்கு எம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகின்றோம். இரண்டாவது பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கின்றோம்.